புல் தின்ற மாடு, ஆலிவ் எண்ணெய், இரண்டு துண்டு பேக்கன்

சாப்பாட்டுச் சந்தேகம்: வாசகர் கேள்வி பதில்

போன மாதப் பதில் ஒன்றில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். “இங்கே வர்ஜீனியாவில், உடம்புக்கு நல்ல பர்கர் என்று போர்டு வைத்த கடையில் பேக்கன் சீஸ் பர்கர் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது” என்று. சர்க்கரை நோய் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோதுகூட இத்தனை கடிதங்கள் வந்ததில்லை. சரி, இந்த மாதம் முழுக்க அதுதான். பெயர் போடாதீர்கள் என்று பாதிப் பேர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: சொந்த ஊர் காரைக்குடி. இங்கே அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள். “நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?” என்று அந்நியர்களிடம் கேட்பதே என் பிழைப்பாக இருந்தது. இப்போது நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள்.

கேள்வி: மேடம், ஆரோக்கிய பர்கர் என்றால் காய்ந்த ரொட்டிக்குள் அவித்த கறி என்று நினைத்திருந்தேன். நீங்கள் நன்றாக இருந்தது என்கிறீர்கள். அப்படி என்ன இருந்தது அதில்?
வாசகர், கோவை

பதில்: அவித்த கறி இல்லை, கல்லில் சுட்டதுதான். மகளின் பல் மருத்துவர் இருக்கும் வளாகத்திலேயே அந்தக் கடையும் இருக்கிறது, அதனால் போனோம். சுவரில் ஆள் உயரத்துக்குப் பசும்புல் படம். நடுவில் ஒரு மாடு நின்று நம்மையே பார்க்கிறது. அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து அதையே சாப்பிடும்படி நாற்காலி போட்டிருக்கிறார்கள். யார் கொடுத்த யோசனையோ.

வரிசையில் நிற்கும்போதே சமையல் தெரிகிறது. ஒரு பையன் கொத்துக்கறியை உருண்டை பிடித்துத் தராசில் வைக்கிறான். நாலு அவுன்ஸ், அதாவது 113 கிராம். உப்பு அப்போது போடுவதில்லை. முதலிலேயே உப்புப் போட்டுப் பிசைந்தால் கறியின் புரதம் ஒன்றோடொன்று இறுகி, சுட்டபின் பல்லுக்குச் சவ்வாக இழுக்கும். உருண்டையைக் காய்ந்த கல்லில் போட்டு அகலத் தோசைத்திருப்பியால் ஒரே அழுத்து. அப்புறம் தொடுவதே இல்லை. மேலே உப்பும் மிளகும் தூவி, ஓரம் மெலிந்து முறுகும் வரை விட்டுவிட்டு, அடியோடு சுரண்டித் திருப்புகிறான். உடனே மேலே செடார் சீஸ் ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன்மேல் கிண்ணம் மாதிரி ஒரு மூடி. ஆவியில் சீஸ் உருகி ஓரமெல்லாம் வழிந்துவிடுகிறது. கல்லின் மறுகோடியில் பன்னின் வெட்டுப் பக்கம் வெண்ணெயில் சிவந்துகொண்டிருக்கிறது.

பேக்கனைக் கல்லில் போடவில்லை. தட்டில் பரப்பி ஓவனில் வாட்டி வைத்திருந்ததை எடுத்து வைத்தார்கள். அது நல்ல பழக்கம். கொழுப்பு தட்டில் இறங்கிவிடும், பேக்கனும் சுருளாமல் நீட்டாக இருக்கும்.

பேக்கன் பார்த்திராதவர்களுக்கு: பன்றியின் வயிற்றுப் பக்கத்துக் கறியை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு ஊறவைத்து, மரப்புகை காட்டி, நாடா நாடாவாகச் சீவியது. எங்கள் பக்கத்து உப்புக்கண்டத்துக்கு அமெரிக்காவில் ஒரு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்குப் பதிலாகப் புகை. இங்கிலாந்துக்காரர்கள் முதுகுப் பக்கத்துக் கறியில் செய்வார்கள், அதில் கொழுப்புக் குறைவு. அமெரிக்கப் பேக்கனில் பாதிக்குப் பாதி கொழுப்புதான்.

ருசிக்கு வருவோம். முதல் கடியில் புகையும் உப்பும்தான் நாக்கில் ஏறும். அது அடங்கிய பிறகுதான் மாடு வரும். புல் மட்டும் தின்ற மாட்டுக்கறியில் லேசான காட்டு வாசனையும், ஈரலில் வருமே அந்த இரும்புச் சுவையும் உண்டு. தானியம் தின்று கொழுத்த மாட்டுக்கறியில் இருக்கிற வழவழப்பு இதில் இல்லை. கொழுப்புக் குறைவாக இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கல்லில் கிடந்தாலும் வறண்டுபோகும். அந்தப் பையன் சரியான நேரத்தில் எடுத்தான். முறுகல் ஓரம், நடுவில் சாறு, இடையிடையே நொறுங்குகிற பேக்கன். பன் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பாதிக்குமேல் தித்திப்பு, கடைசி நாலு வாயில் அடிப்பக்கம் நனைந்து கையோடு வந்துவிட்டது. தக்காளி வெளிறிப்போய் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் மாடும் பன்றியும் தொடாதவர், உருளைக்கிழங்கு வறுவலில் உட்கார்ந்து எங்கள் பங்கையும் சேர்த்து முடித்துவிட்டார்.

கேள்வி: அம்மா, என் மகன் வர்ஜீனியாவில் வேலை பார்க்கிறான். “இது ஹெல்த்தி பர்கர் கடைம்மா, புல் தின்ற மாடு, ஆலிவ் ஆயில், பயப்படாதே” என்கிறான். வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் சாப்பாடு. இரண்டு பேட்டி (பன்னுக்குள் வைக்கிற தட்டையான கறி வட்டம்), பேக்கன், சீஸ், வறுவல். நம்பலாமா? அவன் அப்பாவுக்கு 52 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள்.
வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உட்கார வைத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சுவரில் எழுதி வைத்திருப்பது மாடு எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றி. உங்கள் மகனின் ரத்தக்குழாய் வேறு கணக்கு. ஆர்கானிக் முத்திரை என்றால், அமெரிக்க வேளாண் துறை விதிப்படி அந்த மாடு வருஷத்தில் குறைந்தது 120 நாளாவது மேய்ந்திருக்க வேண்டும், மேய்ச்சல் காலத்தில் அதன் தீனியில் குறைந்தது 30 சதவீதம் மேய்ச்சலில் கிடைத்ததாக இருக்க வேண்டும், வளர்ச்சி ஹார்மோன் கூடாது, ஆன்டிபயாடிக் கூடாது. மீதித் தீனி ஆர்கானிக் தானியமாக இருக்கலாம். புல் தின்ற மாடு என்பது வேறு. அதற்கென்று வேளாண் துறை வைத்திருந்த தர வரையறையை 2016 ஜனவரியில் விலக்கிக்கொண்டார்கள். இங்கே எல்லாக் கன்றுகளும் ஆரம்பத்தில் புல்தான் தின்கின்றன, கடைசி சில மாதம்தான் சோளத் தீனிக்கு மாற்றுவார்கள். அதனால் ‘நூறு சதவீதம் புல்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட கறியில் ஒமேகா-3 கூடுதல் என்பார்கள். உண்மைதான். ஆனால் எதைவிடக் கூடுதல்? 100 கிராமுக்குச் சில பத்து மில்லிகிராம் கணக்கு அது. உங்கள் ஊரில் கூடையில் வருகிற மத்தி மீனில் அதே 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல் இருக்கிறது. ஒமேகா-3க்காக பர்கர் சாப்பிடுகிறேன் என்று மகன் சொன்னால், மத்திக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுங்கள்.

இப்போது கணக்கு. ஒற்றை பேட்டி போட்ட பேக்கன் சீஸ் பர்கரை நான் வீட்டுக்கு வந்து உத்தேசமாகப் போட்டுப் பார்த்தேன். சுட்ட கறி சுமார் 230 கலோரி, ஒரு துண்டு செடார் 115, இரண்டு துண்டு பேக்கன் 90, பன் 150, மயோனைஸ் கலந்த சாஸ் ஒரு மேசைக்கரண்டி 95. மொத்தம் 680. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இது பெரிய பாவம் இல்லை. ஆனால் ரத்தக்குழாய்க்கு ஆகாத நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) 16 கிராம் பக்கம் வருகிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 13 கிராமுக்குள் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். சோடியம் 1,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். நாள் முழுவதற்கும் 2,000க்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மகன் சாப்பிடுவதோ இரட்டை. இன்னொரு கறியும் இன்னொரு சீஸும் சேர்த்தால் 1,000 கலோரிக்கு மேல், வறுவலோடு 1,400.

இதெல்லாம் கடைப் பலகையில் ஏன் இல்லை என்று கேட்கலாம். 20 கிளைகளும் அதற்கு மேலும் உள்ள சங்கிலிக் கடைகள் மெனுவிலேயே கலோரி போட வேண்டும் என்று 2018 மே முதல் சட்டம் இருக்கிறது. சின்னக் கடைகளுக்கு இல்லை. இந்த ஆரோக்கியக் கடைகளில் பல சின்னவை. அதனால் பெரிய சங்கிலிக் கடையில் எண் கண்ணை உறுத்தும், இங்கே புல்வெளிப் படம் மனதைக் குளிர்விக்கும். மருத்துவமனையில் நான் அடிக்கடி பார்த்தது இதைத்தான்: சாதாரண பர்கர் கடைக்குப் போனவர் ஒற்றை பர்கரும் தண்ணீருமாக எழுந்து வருவார். ‘நல்ல’ கடைக்குப் போனவர் இரட்டையும் மில்க் ஷேக்குமாக உட்காருவார்.

கடைசி விஷயம். தெற்காசிய வம்சாவளி என்பதையே இதய ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாக 2018-ல் வந்த அமெரிக்கக் கொழுப்பு மருத்துவ வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது. அப்பாவுக்கு 55 வயதுக்குள் இதயநோய் வந்தது இன்னொரு காரணி. உங்கள் மகனுக்கு இரண்டும் இருக்கிறது. ஆகவே: முதலில் கொலஸ்ட்ரால் பரிசோதனை. அந்தக் கடை மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும், அதுவும் ஒற்றை பேட்டியோடு. மற்ற நாளில் அதே கடையில் கோழி இருந்தால் கோழி. நீங்கள் சொன்னால் கேட்கமாட்டான் என்றால் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், திட்டு என் கணக்கில் போகட்டும்.

கேள்வி: ஒரு குடும்பப் பத்திரிகையில் மாட்டுக்கறி, பன்றிக்கறி தின்றதை எழுதுகிறீர்களே, இது தேவையா?
வாசகர், கும்பகோணம்

பதில்: குடும்பம் என்பது பல விதம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற வீடுகளில் இரண்டையும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒன்றை மட்டும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், வெங்காயம்கூடத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வருவது அதே சர்க்கரை, அதே ரத்த அழுத்தம். அடுத்த மாதம் வாழைப்பூ பற்றி எழுதுகிறேன், கோபம் வேண்டாம்.

கேள்வி: ‘நைட்ரேட் சேர்க்காத பேக்கன்’ என்று அந்தக் கடைகளில் விளம்பரம் செய்கிறார்களாமே? பேக்கனால் புற்றுநோய் என்று படித்தேன். அப்படியானால் இது பாதுகாப்பானதா?
வாசகி, கரூர்

பதில்: நான் போன கடையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நல்ல கேள்வி, ஏனென்றால் இந்த விளம்பரத்தில்தான் படித்தவர்கள்கூட விழுகிறார்கள்.

பேக்கனில் சோடியம் நைட்ரைட் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கறி சிவப்பு மாறாமல் இருக்கும், அந்தத் தனி ருசி வரும், எல்லாவற்றுக்கும் மேலாக பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமியை வளரவிடாது. சேர்க்கவில்லை என்கிற கடைகள் என்ன செய்கின்றன? செலரித் தண்டின் பொடியைச் சேர்க்கிறார்கள். செலரியில் இயற்கையாகவே நைட்ரேட் ஏராளம். நல்ல பாக்டீரியாவை விட்டு அதை நைட்ரைட்டாக மாற்றிவிடுவார்கள். கறிக்குள் போனபின் இரண்டும் ஒன்றுதான், செலரியிலிருந்து வந்தேன் என்று அது சொல்லிக்கொண்டிருக்காது. அமெரிக்க விதிப்படி அந்தப் பொட்டலத்தில், செலரியில் இயற்கையாக உள்ளதைத் தவிர வேறு நைட்ரேட் சேர்க்கவில்லை என்று சின்ன எழுத்தில் போட்டாக வேண்டும். படித்துப் பாருங்கள், இருக்கும்.

புற்றுநோய் விஷயம்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான். உடனே பேக்கனும் சிகரெட்டும் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு, இருப்பதைவிட சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் சொன்ன அளவு. பர்கரில் இருக்கிற இரண்டு துண்டு வாட்டிய பேக்கன் 20 கிராமுக்குள். எப்போதாவது சாப்பிடுகிறவர் தூக்கம் கெட வேண்டியதில்லை. தினமும் காலையில் பேக்கன் என்றால் பழக்கத்தை மாற்றத்தான் வேண்டும், செலரிப் பொடி அதைக் காப்பாற்றாது.

கேள்வி: அக்கா, தங்கை வீட்டுக்கு அமெரிக்கா போகிறோம். அங்கே பர்கர் கடைகளில் வான்கோழி பேக்கன் போட்டுத் தருவார்களாம். அது நமக்குச் சரிப்படுமா?
வாசகி, ஆம்பூர்

பதில்: ஆம்பூர்க்காரர்களுக்கு மாட்டுக்கறியைப் பற்றி நான் பாடம் எடுக்கப்போவதில்லை. ஹலால் விஷயத்தில் மூன்றைக் கேளுங்கள். வான்கோழி ஹலால் முறையில் அறுத்ததா? மாட்டுக்கறி? இரண்டும் ஆம் என்றால், பன்றி பேக்கனுக்கும் இதற்கும் கல்லும் தோசைத்திருப்பியும் தனியா? மூன்றாவதுக்குப் பெரும்பாலான கடைகளில் இல்லை என்றுதான் பதில் வரும். வடக்கு வர்ஜீனியா பக்கம் வருகிறீர்கள் என்றால் கவலையே இல்லை, முழுக்க ஹலாலாகவே பர்கர் போடுகிற கடைகள் இருக்கின்றன, தங்கைக்குத் தெரியாமல் இருக்காது. உடம்புக் கணக்கில் வான்கோழி பேக்கனில் கொழுப்புக் கொஞ்சம் குறைவு, உப்பு அநேகமாக அதே அளவு. அதுவும் பதப்படுத்திய இறைச்சிதான்.

கேள்வி: ஆலிவ் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு நல்லதா? நம் செக்குக் கடலை எண்ணெய் எதில் குறைச்சல்?
வாசகர், ஈரோடு

பதில்: எதிலும் குறைச்சல் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வர்ஜீனியாவிலேயே இரண்டு கட்சியும் உண்டு. ஃபைவ் கைஸ் கடை 1986-ல் ஆர்லிங்டன் பக்கம் தொடங்கியது, அவர்கள் இன்றும் உருளைக்கிழங்கைக் கடலை எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள். பக்கத்து ஊரான ஃபால்ஸ் சர்ச்சில் 2005-ல் வந்தது எலிவேஷன் பர்கர். ஆர்கானிக் மாட்டுக்கறி, ஆலிவ் எண்ணெய் வறுவல் என்பதே அவர்கள் பெருமை. 2019-ல் அந்தக் கடைகளை வாங்கிய நிறுவனத்தின் பெயர் ஃபேட் பிராண்ட்ஸ். நான் வைத்த பெயர் இல்லை.

மாட்டுக் கொழுப்பிலோ டால்டா வகையிலோ பொரித்ததைவிட இந்த இரண்டு எண்ணெயும் இதயத்துக்கு நல்லவை, சந்தேகமில்லை. ஆனால் எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. செக்கில் ஆட்டினாலும் 9, இத்தாலியில் இருந்து கப்பலில் வந்தாலும் 9. எங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காரில் சொன்னேன். “ஆலிவ் எண்ணெய் என்று நீதானே சொன்னாய்” என்றார்.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். பன் இல்லாமல், லெட்டூஸ் இலையில் சுற்றிச் சாப்பிட்டால் பேக்கன் சீஸ் பர்கர் டயட் உணவுதானே?
வாசகர், சேலம்

பதில்: தம்பி, பன்னை எடுத்தால் 150 கலோரியும் 25 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் போகும். சர்க்கரை நோயாளிக்கு அது பெரிய லாபம். கலிஃபோர்னியாவின் இன்-அன்-அவுட் கடையில் ‘புரோட்டீன் ஸ்டைல்’ என்று கேட்டால் இலையில் சுற்றித்தான் தருவார்கள். ஆனால் நிறைகொழுப்பு பன்னில் இல்லை, நீங்கள் விட்டுவைத்த பக்கத்தில்தான் இருக்கிறது. சீஸையும் பேக்கனையும் எடுத்துப் பாருங்கள், 200 கலோரியும் நிறைகொழுப்பில் கிட்டத்தட்ட பாதியும் போய்விடும். புரதம் 40 கிராமிலிருந்து 27 ஆகும், அது ஒரு வேளைக்குப் போதும். சர்க்கரைக்குப் பயந்தால் பன்னை எடுங்கள், இதயத்துக்குப் பயந்தால் மற்ற இரண்டையும் எடுங்கள். எல்லாவற்றையும் எடுத்தால் அது பர்கர் இல்லை, அப்புறம் எதற்கு அங்கே போகிறீர்கள்?

கேள்வி: சைவர்கள் என்ன செய்வது? செடியிலிருந்து செய்த கறி என்கிறார்களே?
வாசகி, மயிலாப்பூர்

பதில்: இம்பாசிபிள் பர்கர் 2016-ல் நியூயார்க்கில் ஒரு உணவகத்தில் முதலில் வந்தது. சோயாப் புரதம், தேங்காய் எண்ணெய், அப்புறம் கறி நிறத்துக்கும் வாசனைக்கும் ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்த ஹீம், அதாவது ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற இரும்புள்ள பொருள். சைவமா என்றால் சைவம். ஒரு பேட்டியில் சோடியம் சுமார் 370 மில்லிகிராம், உப்புப் போடாத பச்சை மாட்டுக்கறியில் 75 தான். எனக்குப் பிடித்தது சில கடைகளில் கிடைக்கும் கறுப்புப் பீன்ஸ் பேட்டி, அது கறியைப்போல நடிப்பதில்லை. எதைக் கேட்டாலும், தனிக் கல்லில் சுடச் சொல்லுங்கள். சில சீஸ்கள் கன்றின் வயிற்றுச் சுரப்பைக் கொண்டு திரித்தவை. ஆசாரம் பார்ப்பவர் என்றால் அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: கறி நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தால்தான் சாறு இருக்கும் என்று பேரன் சொல்கிறான். பத்து வயது. கொடுக்கலாமா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: கொடுக்காதீர்கள். முழுத் துண்டு கறியில் கிருமி வெளிப்பக்கம்தான் இருக்கும், சுட்டால் செத்துவிடும். கொத்தும்போது வெளிப்பக்கம் உள்ளே போய்விடுகிறது. 1993-ல் ஜாக் இன் த பாக்ஸ் என்ற சங்கிலிக் கடையின் சரியாக வேகாத பர்கர்களால் இங்கே 700 பேருக்கு மேல் ஈ. கோலை கிருமி தாக்கி, நாலு குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகுதான் சட்டங்களே இறுகின. கொத்துக்கறி நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். நிறத்தை நம்ப முடியாது, பழுப்பாகத் தெரிந்தும் சூடு எட்டாமல் இருக்கலாம். புல் தின்ற மாடு என்பதால் இந்தக் கிருமி இருக்காது என்றும் கிடையாது. கடையில் “நன்றாக வெந்ததாக” என்று கேளுங்கள், வீட்டில் ஒரு வெப்பமானி வாங்கிக் குத்திப் பாருங்கள்.

கேள்வி: இந்த அமெரிக்கர்கள் எதற்கெடுத்தாலும் பேக்கனைச் சேர்க்கிறார்களே, ஏன்?
வாசகர், திண்டுக்கல்

பதில்: ருசி ஒரு காரணம், விளம்பரம் இன்னொன்று. 1920களில் பீச்-நட் என்ற நிறுவனத்துக்குப் பேக்கன் விற்பனையைக் கூட்ட வேண்டியிருந்தது. எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர ஆசாமி, உளவியல் அறிஞர் ஃப்ராய்டின் தங்கை மகன், ஒரு மருத்துவரைப் பிடித்து, காலையில் கனமாகச் சாப்பிடுவது நல்லதுதானே என்று நாடெங்கும் மருத்துவர்களுக்குக் கடிதம் போட வைத்தார். ஆமாம் என்று ஆயிரக்கணக்கில் பதில் வந்தது. அதைச் செய்தியாக்கிப் பத்திரிகைகளில் பேக்கனும் முட்டையும் பக்கத்தில் போட்டார். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. பர்கருக்குள் முதன்முதலில் பேக்கன் வைத்தது, 1963-ல் மிஷிகன் மாநிலத்து லான்சிங் ஊரில் எங்கள் கடைதான் என்கிறது ஏ அண்ட் டபிள்யூ. இன்றைக்கு ஆரோக்கியக் கடைக்காரர் ‘மருத்துவரும் ஒப்புக்கொள்வார்’ என்று சொல்லும்போது எனக்கு அந்த பெர்னேஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

கேள்வி: அடுத்த மாதம் மருமகள் வீட்டுக்குப் போகிறேன். ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்க ஆசை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். எப்படிக் கேட்டு வாங்குவது?
வாசகி, விருதுநகர்

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள். ‘சிங்கிள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில கடைகளில் சொல்லாவிட்டால் இரட்டைதான் வரும். சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். ஊறுகாய் வெள்ளரி வேண்டாம், பச்சை வெங்காயமும் இலையும் கூடுதலாக. “காம்போவா?” என்று கேட்பார்கள், வேண்டாம் என்றால் வறுவலும் சோடாவும் வராது. தண்ணீர் இலவசம், கேட்டால் கோப்பை தருவார்கள். அன்றைக்கு ராத்திரி உப்புக் குறைவாக ஒரு ரசம் சாதம். மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கத்தி, முள்கரண்டி தேடாதீர்கள். பாதிவரை காகிதத்தைப் பிரித்து, மீதிக் காகிதத்தோடு இரண்டு கையிலும் பிடித்து, கீழே வைக்காமல் சாப்பிட்டு முடிப்பதுதான் வழக்கம். சேலை என்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், டிஷ்யூவை ஒரு கை நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். மருமகளின் காரில் வைத்து மட்டும் சாப்பிடாதீர்கள்.